பேரம் கேட்ட அருவி

சாரல்குறிச்சியில் லாட்ஜ் கவுண்டரில் நின்று அறை வாடகையைக் குறைத்துக் கேட்டால் ஒத்தையருவியில் தண்ணீர் குறையும் என்பது எங்களுக்கு முதன்முதலாகத் தெரியவந்தது ஓர் ஆனி மாதத்துக் காலையில், விருதுநகரிலிருந்து வந்த ஒரு வத்தல் வியாபாரி எழுபத்தைந்து ரூபாய் அறையை முப்பது ரூபாய்க்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஜெயித்த முகத்தோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய், நனையாத தலையோடு திரும்பி வந்தபோதுதான்.

“அண்ணாச்சி, அருவின்னு போர்டு வச்சிருக்கீங்க, அங்க பாறைல்ல இருக்கு” என்றார். “எங்க வீட்டுக் கொல்லைக் குழாயில இதவிட நல்லா வரும்.”

விடிகாலையில் மொட்டைமாடியில் நின்று நான் பார்த்தபோது அருவி இரும்புக் கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது. விருந்தினர் சொல்வதை மறுத்துப் பேசுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

குற்றாலத்தில் இடம் கிடைக்காதவர்கள் வருகிற ஊர் எங்களுடையது. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, எல்லா லாட்ஜிலும் கையை விரிக்கக் கண்டு, பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும், யாராவது ஓர் ஆட்டோக்காரர் “சாரல்குறிச்சின்னு ஒரு ஊர் இருக்கு, அங்கயும் ஒரு அருவி இருக்கு, ஒண்ணுதான் இருக்கு, ஆனா இருக்கு” என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வருவார். அப்படி வருகிறவர்களை நம்பித்தான் ஊரே இருந்தது. தென்மேற்கில் மேகம் கூடியதும், வீடு வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோவார்கள். மாடுகள் வேப்பமரத்தடிக்குக் குடிபோகும். வேப்பமரத்தடியில் சீட்டாடுகிறவர்கள் எங்கள் லாட்ஜ் வாசலுக்கு வருவார்கள். ஆவணி முடியும் வரை எவரும் அவரவர் இடத்தில் இருப்பதில்லை. சீசனில் சொந்தக்காரர் யாராவது வந்து நின்றால்கூட முதலில் வாடகையைச் சொல்லிவிட்டுத்தான் பிறகு “வாங்க” என்போம்.

நான் ரஹ்மத் லாட்ஜில் மேனேஜராக இருந்தேன். காலையில் அருவியைப் பார்த்து அன்றைய வாடகையைத் தீர்மானித்துக் கரும்பலகையில் எழுதுவதும், வெளியூர்களிலிருந்து தபால் கார்டு போட்டுக் கேட்கிறவர்களுக்குக் கொட்டேஷன் எழுதி அனுப்புவதும் என் வேலை. பாறையின் முதுகு தெரிந்தால் ஒரு வாடகை, முதுகு மறைந்தால் ஒரு வாடகை, தண்ணீர் தடுப்பைத் தாண்டினால் வேறு வாடகை. மத்தியானத்துக்குள் மாறிவிடக்கூடும் என்பதால் சுண்ணாம்புக்கட்டியால்தான் எழுதுவோம். பெயின்ட்டால் எழுதிய லாட்ஜ்காரர்கள் யாரும் எங்கள் ஊரில் நிலைத்ததில்லை.

உள்ள வாடகைக்கு மேல் ஒரு தலைப்பாகை வைத்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் முதலாளி செய்யது மசூது எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். வந்தவர் அந்தத் தலைப்பாகையைத் தன் கையால் கழற்றி வைத்துவிட்ட சந்தோஷத்தில் சாவியை வாங்கிக்கொள்வார். நமக்கு நம் தலை மிஞ்சும். எவ்வளவு பெரிய தலைப்பாகை என்பதை வருகிறவரின் செருப்பு, தூக்குவாளி, மனைவி கணவனைப் பார்க்கும் பார்வை இவற்றை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பேரம் பேசுவதில் முதலாளிக்கு இணையானவர் தென்காசிச் சந்தையிலும் கிடையாது. சாவியைக் கொடுப்பதுபோல நீட்டுவார், பின்னால் இழுத்துக்கொள்வார், வானத்தைப் பார்த்துக் கைகளை விரிப்பார், விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போன பிறகு, குரலில் ஒரு தகப்பனுடைய வருத்தத்தைக் கொண்டுவந்து “நில்லும்வே” என்பார்.

எங்கள் கவுண்டரிலிருந்து அருவி தெரியாது. நடுவே செண்பக மரங்கள் அடைத்திருந்தன. ஆனால் கேட்கும். வத்தல் வியாபாரி வந்த அதே நாள் மத்தியானம் சாத்தூர்க்காரர் ஒருவரோடு முதலாளி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் ஒவ்வொரு முறை “இன்னும் கம்மி பண்ணுங்க” என்று சொன்னபோதும் வெளியே அந்த இரைச்சல் ஒரு படி இறங்கியது. முதலாளி பேச்சை நிறுத்திவிட்டுச் சுண்டுவிரலால் காதைக் குடைந்தார்.

“என்னவே பெருமாளு, காது அடைச்ச மாதிரி இருக்கு.”

“காது இல்ல முதலாளி. அருவி” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு கூட்டம் லாட்ஜ் வாசலில் வந்து நின்றது. அவர்களுக்கு முன்னால் அருவிக்கரைக் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் சவரிமுத்து நின்றார். “இங்க யாரு வாடகையக் குறைக்கது?” என்று கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. தெரு முழுக்க எல்லா லாட்ஜ் வாசலிலும் அப்படிச் சில நுரை பூசிய மனிதர்கள் நின்றிருந்தார்கள். எல்லாக் கவுண்டரிலும் அந்த நேரத்தில் ஏதோ ஒரு பேரம் பாதியில் நின்றிருந்தது. பேரம் நின்று ஒரு பொழுது போனதும் தண்ணீர் தானாகத் திரும்பி வந்தது. நுரையோடு நின்றவர்கள் போய்க் கழுவிக்கொண்டார்கள்.

ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை. சீசன் மூன்று மாதம்தான். லாட்ஜ்காரர் சங்கத் தலைவர் தாணுமூர்த்தி கூட்டம் போட்டார். ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ யார் செலவு என்பதைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள். கடைசியில், இரட்டைக் கட்டில் அறை அறுபது ரூபாய், ஊர் முழுக்க ஒரே வாடகை, ஒரு பைசா குறைக்கக் கூடாது, குறைக்கச் சொல்லிக் கேட்கவும் விடக் கூடாது என்று முடிவானது. ‘பேரம் பேசாதீர், அருவியில் குழந்தைகள் குளிக்கின்றனர்’ என்று எல்லாக் கவுண்டரிலும் போர்டு வைத்தோம். சவரிமுத்துவை அருவிக்கரையிலிருந்து லாட்ஜ் தெருவுக்கு மாற்றினார்கள். யாராவது கவுண்டரில் “கொஞ்சம் பாத்து...” என்று இழுத்தால் அவர் விசில் ஊதுவார்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கீழே குளத்துப் பாசனத்தில் நாற்றுப் பாவியிருந்தவர்கள் காலையில் வயலுக்குப் போகிற வழியில் லாட்ஜ் லாட்ஜாக எட்டிப் பார்த்து, “எல்லாரும் கேட்டதக் குடுக்காங்கல்லா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பேரம் பேசியே பழக்கப்பட்ட விருந்தினர்கள் கவுண்டரில் வாயைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, வெளியே போனதும் எண்ணெய் தேய்ப்பவர்களிடமும் பலாச்சுளை விற்பவர்களிடமும் அந்தப் பசியைத் தீர்த்துக்கொண்டார்கள். அந்தப் பேரங்களை அருவி கண்டுகொள்ளவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பனார் பையன் வீட்டாரை எங்கள் லாட்ஜுக்கு அழைத்துவந்து, அவர்கள் வாடகை விசாரிக்கும்போது வெளியே போய் அருவியின் சத்தம் இறங்குவதைக் கேட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டார்.

நான் எழுதுகிற கொட்டேஷன்களும் அருவியை விட்டுவைக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத நேரத்தில், கவுண்டரில் ஆளே இல்லாதபோது, அருவி திடீரென்று மெலியும். “சிவகாசியில யாரோ உம்ம கார்டப் படிக்கான்வே” என்பார் முதலாளி. “படிச்சிட்டு, ஜாஸ்தியா இருக்கே, கம்மி பண்ணச் சொல்லி எழுதுவோம்னு பொண்டாட்டிகிட்ட சொல்லுதான்.” அவர் சொன்னது சரி என்று நாலு நாள் கழித்துப் பதில் கார்டு வரும்போது தெரியும்.

முதலாளியின் மருமகன் கடையநல்லூரிலிருந்து குடும்பத்தோடு வந்தது அந்தச் சமயத்தில்தான். “மாமா, மருமகன்கிட்டயே வாடகையா? சும்மா தாங்க மாமா” என்று அவர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு கேட்க, முதலாளி மனமிரங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டார். அரை நாள் அருவி அடியோடு நின்றது. பாறை காய்ந்து, அதன்மேல் ஓணான் ஏறி உட்கார்ந்தது. சங்கத்தார் அத்தனை பேரும் வந்து நின்ற பிறகு, முதலாளி மருமகனிடம் அறுபது ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டார். மகள் ரம்சான் வரை அவரோடு பேசவில்லை. இலவசம் என்றால் அருவியே நின்றுவிடும் என்பது அதிலிருந்து ஊரில் சட்டமாகிவிட்டது.

பேரமில்லாமல் முதலாளி இளைத்துப்போனார். “அறுபது” என்பார், “சரி” என்பார்கள், சாவியைக் கொடுப்பார். “இது ஒரு தொழிலாவே? ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் கிழிக்கிற மாதிரி இருக்கு” என்று என்னிடம் நொந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் தென்காசிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு குடையைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வருவார். லாட்ஜின் சாமான் அறையில் குடைகளாகச் சேர்ந்தன.

சுப்புத்தாய் வந்தது ஆடி பிறந்து கொஞ்ச நாளில், காலை பஸ்ஸில். கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். முப்பது வயது இருக்கும். வலது செருப்பின் வாருக்கு ஊக்கு குத்தியிருந்தாள். கூட அவள் தம்பி வெயிலுமுத்து, காதுகளில் பஞ்சு அடைத்து, அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றான். அவள் ஒரு கார்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

“அண்ணாச்சி, இது யாரு எழுதுனது?”

என் கையெழுத்துதான். இரட்டைக் கட்டில் அறை, நாளொன்றுக்கு அறுபது ரூபாய், வெந்நீர் தனி. கடைசியில், எல்லாக் கொட்டேஷனிலும் எழுதுவதுபோல, ‘தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்குகிறோம்.’

“நான்தான் தாயி.”

“எதிர்நோக்குனீகளா?”

முதலாளி சிரித்துவிட்டார். “இவருக்கு வேற என்ன வேலை? காலையில இருந்து எதிர்நோக்கிக்கிட்டேதான் இருக்காரு. விஷயத்தச் சொல்லு.”

அவள் தம்பியைப் பார்த்தாள். “இவன் மைக் செட் வச்சிருந்தான் அண்ணாச்சி. சுத்துப்பட்டியில எந்தக் கோயில் கொடைத் திருவிழான்னாலும் இவன் ஸ்பீக்கர் குழாய்தான் கட்டுவாக. பங்குனிக் கொடை முடிஞ்சு செட்டைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டாந்தான். சத்தமும் கூடவே வந்திருச்சு. மண்டைக்குள்ள கொடை நடக்குதுக்கா, நிக்கவே மாட்டேங்குதுங்கிறான். அன்னையில இருந்து தூக்கமில்ல. போன மாசம் கிணத்துத் திட்டுல போய் உக்காந்துக்கிட்டு, உள்ள இறங்கிட்டா கேக்காதுல்லக்கான்னு கேக்கான்.”

அவள் சொன்னபோது குரல் மாறவில்லை. வெந்நீர் தனி என்று நான் எழுதியதைப்போலவே சொன்னாள்.

“ஒத்தையருவிக்கு அடியில நின்னா வேற எந்தச் சத்தமும் கேக்காதுன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா. ஆடி முடியுற மட்டும் இங்க வச்சுப் பாக்கணும். அறுபது என்னால ஆகாது. உங்க ஊர்ச் சட்டமும் தெரியும், பஸ்ஸுலயே சொன்னாக. அதனால குறைங்கன்னு ஒரு வார்த்த கேக்கமாட்டேன். தண்ணி குறைஞ்சா முதல்ல இவனுக்குல்ல நட்டம். வேற ஏதாச்சும் இடம் இருக்கா? மாட்டுக்கொட்டாய்னாலும் சரி.”

“மாட்டுக்கொட்டாயில வீட்டுக்காரங்க இருக்காங்க தாயி” என்றேன்.

“மாடு?”

“வேப்பமரத்தடியில.”

வெயிலுமுத்து அதற்குள் துண்டை அவிழ்த்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, சத்தம் வருகிற திசையில் நடக்கத் தொடங்கியிருந்தான். “போகட்டும்” என்றாள் அவள். “அங்கதான போகணும்.” ஆனால் அன்று காலையில் எந்த ஊரில் யார் என் கார்டைப் படித்துக்கொண்டிருந்தார்களோ, அருவி மெலிந்துதான் விழுந்துகொண்டிருந்தது. ஒரு தவலையைச் சாய்த்து ஊற்றினாற்போன்ற சத்தம். மண்டைக்குள் நடக்கும் கொடையை அமுக்க அது காணாது என்று எனக்கே தெரிந்தது.

முதலாளி சாவிப் பலகையைப் பார்த்தார். “சும்மா இருந்துட்டுப் போகட்டும்வே” என்றார் மெதுவாக.

வாசலில் நின்ற சவரிமுத்து உள்ளே வந்தார். “முதலாளி, மருமகன் கதை மறந்துபோச்சா? பாறையில ஓணான் ஏறிச்சே. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அங்க கைப்பிள்ளைக்காரிகளா நிக்காங்க. அறுபதுக்குக் கீழ இந்தக் கவுண்டர்ல ஒரு சொல்லு வரப்படாது.” பிறகு சுப்புத்தாயிடம், “தப்பா நினைக்காத தாயி, ஊர்ச் சட்டம்” என்றார்.

“நான்தான் ஒண்ணும் கேக்கலையே” என்றாள் அவள்.

என் மனைவி ஆவுடை லாட்ஜ் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளிக்குக் காபி கொண்டுவந்தவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்து, “ஊரு ஊருக்கு அன்புடன் எதிர்நோக்குகிறோம்னு எழுதுதிய. ஒரு மனுசி நெசமாவே கிளம்பி வந்துட்டா. இப்ப என்ன செய்யப்போறிய?” என்று கேட்டாள். காபியை முதலாளிக்குக் கொடுக்காமல் சுப்புத்தாயிடம் கொடுத்தாள்.

வாடகை சொல்வது என் வேலை. வருகிறவருடைய செருப்பைப் பார்த்து, கையிலிருக்கும் பையைப் பார்த்து, அவர் தலைகுனியாமல் கேட்கக்கூடிய ஓர் எண்ணைச் சொல்வதை எத்தனையோ வருஷமாகச் செய்துவந்திருக்கிறேன். நான் சுப்புத்தாயின் செருப்பில் இருந்த ஊக்கைப் பார்த்தேன். என் வாயிலிருந்து “எட்டு ரூபாய்” என்று வந்தது.

சவரிமுத்து விசிலை உதட்டில் வைத்துவிட்டார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு, அருவி நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தோம். அது நிற்கவில்லை. தவலையிலிருந்து ஊற்றுவதுபோல முன்பு எப்படி விழுந்ததோ அப்படியே விழுந்தது. அது ஏன் என்று எவரும் யோசிப்பதற்குள் சுப்புத்தாய் டம்ளரை டக்கென்று கவுண்டரில் வைத்தாள்.

“எட்டா?”

“எட்டுதான் தாயி.”

“அறுபது ரூபா அறைய எட்டு ரூபாய்க்கா? என்னப் பாத்தாப் பிச்சைக்காரி மாதிரியா இருக்கு? நானும் விடிய முந்தி எந்திரிச்சுக் குச்சி அடுக்கிச் சம்பாதிக்கிறவதான் அண்ணாச்சி. எட்டே கால் வச்சுக்கோங்க.”

வெளியே அருவியின் சத்தம் ஒரு படி ஏறியது.

சவரிமுத்துவின் வாயிலிருந்து விசில் விழுந்து, கயிற்றில் தொங்கியது. நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல் “வேண்டாம் தாயி, எட்டே போதும்” என்றேன். இன்னொரு படி ஏறியது. முதலாளி கண்ணைத் திறந்தார். கோயில் மணிச் சத்தம் கேட்ட யானையைப்போல அவர் உடம்பு முழுக்க ஓர் அசைவு வந்தது. முழங்கைகளைக் கவுண்டரில் ஊன்றி, என்னை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

“நீரு தள்ளும்வே. எட்டே காலா? அதெல்லாம் எனக்குக் கட்டாது தாயி. ஏழரை.”

“ஏழரையா! அநியாயமால்ல இருக்கு. ரெண்டு கட்டிலு போட்டிருக்கீக, மெத்த போட்டிருக்கீக. எட்டரை.”

“மெத்த பழைய மெத்த. உள்ள பஞ்சே கிடையாது. பெருமாளு, சொல்லும்வே.”

“பஞ்சு கிடையாது” என்றேன்.

“ஜன்னல் இருக்கா?”

“ஜன்னல் இருக்கு, ஆனா சாத்தாது. சாரல் உள்ள வரும். அதுக்கு நான் உனக்குத் தரணும். ஏழே கால்!”

“சாரல் வரத்தான வந்திருக்கோம்? எட்டே முக்கால்!”

முதலாளி சாவியை நீட்டினார், பின்னால் இழுத்துக்கொண்டார், வானத்தைப் பார்த்துக் கைகளை விரித்தார். “யா அல்லா, ஏழரைக்கு மேல ஒரு பைசா வாங்கினா என் பிள்ளைங்களுக்கு ஆகுமா?” என்று கேட்டார். சுப்புத்தாய் பையைத் தூக்கிக்கொண்டாள். “அப்ப நான் வேற லாட்ஜ் பாத்துக்கிடுதேன்” என்று வாசல் வரை போனாள். முதலாளி மூன்று எண்ணுகிற நேரம் பொறுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. “நில்லும்மா” என்றார், தகப்பனுடைய வருத்தத்தோடு. “என்னைக் கொன்னுட்டுப் போ. ஏழே முக்கால்.”

அவளுடைய இடது கை இடுப்பில் செருகியிருந்த முடிச்சைப் பிடித்திருந்ததை நான் கவனித்தேன். பத்துக்கு மேல் போக அவளால் முடியாது. முதலாளியும் கவனித்திருந்தார். அதனால்தான் அவள் ஒரு கால் ஏறும்போதெல்லாம் அவர் எட்டுக்குக் கீழேயே ஏறியும் இறங்கியும், அவளைப் பத்துக்குப் போகவிடாமல் பேரத்தை நீட்டிக்கொண்டே போனார்.

அருவி இப்போது முழங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. கரும்பலகையில் நான் எழுதியிருந்த அறுபது கரைந்து கீழே வடிந்தது. சவரிமுத்து குழம்பிப்போய் நின்றார். “அப்ப இத்தனை நாளும் தண்ணி குறைஞ்சது வாடக குறைஞ்சதுக்கு இல்லையாவே?”

“பேரத்தக் கெடுக்காதீரும்வே” என்றார் முதலாளி.

ஆவுடைதான் பதில் சொன்னாள். “வத்தல் வியாபாரி தம் பக்கம் இழுத்தாரு. மருமகனும் சும்மா தாங்கன்னு இழுக்கத்தான செஞ்சாரு. இவங்க ரெண்டு பேரும் அடுத்தவங்க பக்கம் தள்ளுதாங்க. இதுகூடவா போலீஸ்காரவுகளுக்குத் தெரியல?”

சவரிமுத்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தண்ணீர் தடுப்பைத் தாண்டிவிட்டதா, கைப்பிள்ளைக்காரிகளை மேலே ஏற்ற வேண்டுமா என்று பார்க்க அருவிக்கரைக்கு ஓடினார்.

பின்னால் வந்த வருஷங்களில் இந்தத் தலைகீழ்ப் பேரம் எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. விருந்தினர் “நாப்பது வச்சுக்கோங்க” என்பார், லாட்ஜ்காரர் “முப்பதுக்கு மேல வாங்கினா மழை வராது” என்பார். தாணுமூர்த்தி ஒரு முறை, விருந்தாளி தானே ஏற்றுவார் என்று கணக்குப் போட்டு, மிகவும் பணிவாகப் பத்து ரூபாய் என்று சொல்லிப் பார்த்தார். உள்ளே அவர் எந்தப் பக்கம் இழுத்தார் என்பது அருவிக்குத் தெரிந்திருந்தது, அது நின்றுவிட்டது, அந்தப் பருவம் முழுக்க அவர் தெருவில் தலைகாட்டவில்லை. கார்டில் வாடகை கேட்டு எழுதுகிறவர்கள், தாங்கள் இவ்வளவு தரலாமா என்று எழுத ஆரம்பித்தார்கள். அவ்வளவு வேண்டாம் என்று நான் பதில் எழுதினேன். ஆவுடை இருந்த காலம் வரை, ஒவ்வொரு கார்டிலும் நான் கடைசி வரியை எழுதும்முன் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஆனால் அன்று காலையில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. எங்கள் கவுண்டரில் இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அருவி முழங்க முழங்க, அதற்கு மேல் கேட்க வேண்டுமே என்று இன்னும் பலமாகக் கத்தினார்கள். தெருவில் போனவர்கள் சண்டை என்று நினைத்து உள்ளே வந்து, எதற்குச் சண்டை என்று புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

“ஒம்பது!” என்றாள் சுப்புத்தாய், கவுண்டரில் ஓங்கி அறைந்து.

“ஏழரைன்னா ஏழரை! என்ன சாவடிச்சாலும் ஏழரை!”

“ஒம்பதே கால்! அந்த அண்ணாச்சியக் கேளுங்க, நியாயத்தச் சொல்லட்டும்!”

“அவரு என் சம்பளக்காரரு, அவரு எப்படி நியாயம் சொல்லுவாரு? ஏழு!”

அப்போது வாசலை மறித்துக்கொண்டு ஓர் உருவம் வந்து நின்றது. வெயிலுமுத்து. தலை முதல் கால் வரை தண்ணீர் சொட்டியது. காதிலிருந்த பஞ்சு இரண்டும் எங்கோ போயிருந்தன. உதடு நீலமாக இருந்தது. வெகு தூரம் நடந்து வந்தவனைப்போல நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கவுண்டரையும், சாவிப் பலகையையும், பெஞ்சில் இருந்தவர்களையும், ஒவ்வொன்றாக, அப்போதுதான் பார்க்கிறவன்போலப் பார்த்தான். முதலாளி விரித்த கைகளை விரித்தபடியே வைத்திருந்தார். சுப்புத்தாயின் கை இடுப்பு முடிச்சிலேயே நின்றது.

“அக்கா” என்றான் அவன். முகத்தைச் சுளித்துக்கொண்டான். “ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். தூக்கம் வருது.”

அப்படிச் சொல்லிவிட்டு, பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுப்பதற்குள், கவுண்டருக்கு முன்னாலேயே ஈரத்தோடு தரையில் படுத்து, முழங்கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். அவனைச் சுற்றித் தண்ணீர் மெல்லப் பரவியது. ஆவுடை சாமான் அறைக்கு ஓடிப்போய்ப் போர்வை எடுத்துவந்து போர்த்தினாள். சுப்புத்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அவன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே அருவி தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

வெகு நேரம் கழித்து அவள் கைகளை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலாளியைப் பார்த்து, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்து, “ஒம்பதரை” என்றாள்.

முதலாளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தார். தூங்குகிறவனின் கால்களைப் பார்த்துத் தாண்டி, அவளுடைய காதருகே குனிந்து, மூச்சுக்காற்றிலேயே சொன்னார்:

“ஏழே கால்.”